மறதியின் முகவரி

தம்பானூர் ரயில் நிலையத்துக்குக் காலையில் வந்து சேரும் நாகர்கோவில் வண்டிகளிலிருந்து இறங்குகிறவர்களில் சிலரை மட்டும் தனியே அடையாளம் காணலாம். ஒரு கையில் பெரிய பிளாஸ்டிக் உறை, அதற்குள் கறுப்பு ஃபிலிம். இன்னொரு கை, கூட வரும் முதியவரின் முழங்கையை விடாமல் பிடித்திருக்கும். சாலையைக் கடந்தால் அரசு பஸ் நிலையம். பக்கத்தில் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ், மாடிப்படியே இல்லாமல் சுருண்டு சுருண்டு மேலே ஏறும் செந்நிறக் கட்டடம். ஒரு காபி குடித்துவிட்டு மெடிக்கல் காலேஜ் பஸ்ஸைப் பிடித்தால் ஆறேழு கிலோமீட்டரில் ஸ்ரீசித்திரா திருநாள் மருத்துவ அறிவியல் நிலையம். 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லை மாறியதே தவிர, பெரிய வைத்தியத்துக்குப் போகும் வழி மாறவில்லை. தமிழகத்தின் தென்கோடியிலிருந்து மூளைக்கும் இதயத்துக்கும் வைத்தியம் தேடுகிறவர்கள் இன்றும் இந்த வழியாகத்தான் போகிறார்கள்.

டாக்டரின் அறைக்குள் நுழைந்ததும் குடும்பத்தார் முதலில் நீட்டுவது அந்த உறையைத்தான். உள்ளே ஊரில் எடுத்த சி.டி. ஸ்கேன், அல்லது எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டின் கடைசி வரியில் பெரும்பாலும் ஒரே வாசகம்: வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம். "வயசானா இப்படித்தான்" என்று யாராவது அதற்கு உரையும் சொல்லியிருப்பார்கள். மகனுக்கு அதில் பாதி ஆறுதல். கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் மகளுக்கோ மருமகளுக்கோ அது போதாது. அப்பா வீட்டு வழியை மறக்கவில்லை, பேரப்பிள்ளைகளின் பெயரையும் மறக்கவில்லை. ஆனால் ஐம்பது வருஷமாகக் கெட்ட வார்த்தை பேசாத மனிதர் இன்று பேரன் தட்டிலிருக்கும் மீன் துண்டை எடுத்துத் தின்கிறார், கல்யாண வீட்டில் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார். இதுவும் வயசா?

இந்தக் கேள்விக்கு உறைக்குள் இருக்கும் படம் தனியாகப் பதில் சொல்லாது. டிமென்ஷியா என்று டாக்டர்கள் சொல்வது ஒரே நோயல்ல. பல நோய்கள் கடைசியில் வந்து சேரும் ஒரே நிலை. எந்த நோய் என்பது, மூளையில் சேதம் எங்கே தொடங்கியது என்பதில் இருக்கிறது. படம் இடத்தைக் காட்டும். அந்த இடம் போனதால் போன வேலை என்ன என்பதை ஆளிடமும் வீட்டாரிடமும் கேட்டுத்தான் அறிய வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் நோய்க்குப் பெயர்.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. நிறைய ஆகிறது. ஒரு வகைக்கு ஓரளவு உதவும் மாத்திரை இன்னொரு வகையில் பயனற்றது, சில சமயம் தொல்லையை அதிகமாக்குவது. ஆர்ப்பாட்டம் செய்யும் நோயாளியை அடக்கச் சாதாரணமாகப் போடும் ஊசி, மூன்றாவது வகைக்காரரைப் படுத்த படுக்கையாக்கிவிடும். இன்னும் சிலருக்கு வந்திருப்பது தலைக்குள் தேங்கிய நீரோ, கட்டிய ரத்தமோ, வைட்டமின் குறைவோதான். சரி செய்துவிடலாம். "வயசானா இப்படித்தான்" என்ற வாசகம் இவர்கள் எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது.

மூட்டைக்கு ஊருக்கு ஊர் பெயர் இருக்கிறது. மலையாளத்தில் 'அத்தும் பித்தும்'. யாழ்ப்பாணத்தில் 'அறளை பெயர்ந்துவிட்டது'. தமிழ்நாட்டில் 'புத்தி தடுமாறிவிட்டது'. 2005ல் பிளெஸ்ஸி இயக்கிய 'தன்மாத்ர' படம் அல்சைமர் என்ற சொல்லைக் கேரளத்தின் வீடுகளுக்குள் கொண்டுசென்றது. திருவனந்தபுரம் தலைமைச் செயலக ஊழியராக அதில் நடித்த மோகன்லாலுக்கு மாநில அரசின் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. ஒரு சினிமா செய்த நல்ல காரியம்தான். ஆனால் மறதி என்றால் அல்சைமர், அல்சைமர் என்றால் மறதி என்ற சமன்பாடும் அதோடு சேர்ந்து பரவிவிட்டது.

கணக்கு அப்படி இல்லை. கொச்சியில் 65 வயதைக் கடந்தவர்களிடம் டாக்டர் எஸ். ஷாஜி குழுவினர் நடத்திய ஆய்வு 2005ல் வெளியானது. ஆயிரத்துக்கு 33.6 பேருக்கு டிமென்ஷியா. அவர்களில் 54 சதவிகிதம் அல்சைமர். 39 சதவிகிதம் ரத்தக்குழாய்க் கோளாறால் வந்தது. மிச்சம் 7 சதவிகிதம் மற்ற காரணங்கள். திருவனந்தபுரம் நகரத்தில் 55 வயதுக்கு மேற்பட்ட 2,466 பேரைப் பார்த்து ஸ்ரீசித்திரா குழு 2010ல் வெளியிட்ட கணக்கில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பேர். நாடு முழுவதும் முதியோரிடம் நடந்து 2023ல் வெளியான ஆய்வு, 60 வதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவிகிதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர், இந்த நிலையில் இருப்பதாகச் சொல்கிறது. 2021 மதிப்பீட்டின்படி முதியோர் விகிதத்தில் நாட்டிலேயே முதலிடம் கேரளத்துக்கு, அடுத்தது தமிழகம்.

படம் பேசத் தொடங்கியதே அண்மையில்தான். பிராகில் ஆர்னால்ட் பிக் 1892ல் தம் நோயாளியின் மூளையைப் பார்த்தது இறந்த பிறகு. ஃபிராங்க்ஃபர்ட்டில் 1901ல் ஆகுஸ்தே டேட்டர் என்ற ஐம்பத்தோரு வயதுப் பெண்ணைச் சோதித்த ஆலோயிஸ் அல்சைமரும், அவர் 1906ல் இறந்த பிறகுதான் மூளையை வெட்டி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். உயிரோடிருக்கும் மனிதரின் மூளையைக் குறுக்குவெட்டாகப் பார்க்க 1971 அக்டோபரில் லண்டனில் முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்படும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை வைத்தியர்களிடம் இருந்த முக்கியக் கருவி கேள்வி. கேட்டுக் கண்டுபிடிப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். படம் வந்த பிறகு அந்தப் பழக்கம் தேய்ந்துவிட்டது என்பதும் உண்மை.

மறதியின் முதல் முகவரி, இரண்டு காதுக்கும் உள்பக்கமாக, மூளையின் அடிமடிப்பில் சுருண்டு கிடக்கும் ஹிப்போகாம்பஸ். கடல்குதிரை போல வளைந்திருப்பதால் அந்தப் பெயர். சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். இதன் வேலை என்ன என்பதை உலகுக்குக் காட்டியது ஒரு விபரீதம். வலிப்பு நோயை நிறுத்துவதற்காக 1953ல் அமெரிக்காவில் ஓர் இளைஞருக்கு இரு பக்கத்து ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு சந்தித்த எவரையும், நடந்த எதையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. எச்.எம். என்ற எழுத்துகளால் மருத்துவ நூல்களில் அறியப்பட்ட அவர் 2008ல் இறக்கும்வரை, சற்றுமுன் அறைக்குள் வந்துபோனவரை மறுபடி புதியவராகவே வரவேற்றார். குழந்தைப் பருவத்து நினைவுகளோ, பேச்சோ, நாகரிகமோ கெடவில்லை. புதிதாக எழுதும் பேனாதான் போயிற்று. பழைய நோட்டுப் புத்தகம் பத்திரமாக இருந்தது.

அல்சைமர் நோய் பெரும்பாலும் தொடங்குவது இங்கேதான். அதனால்தான் காலையில் இட்லி சாப்பிட்டது மறந்துபோகிறது, 1960களில் படித்த பள்ளிக்கூடத்து வாத்தியார் பெயர் மறப்பதில்லை. தம்பானூரில் 2014ல் திறந்த புதிய பஸ் நிலையக் கட்டடத்தில் இப்படிப்பட்ட ஒருவரை நிறுத்தினால் குழம்பிப்போவார். பழைய பஸ் ஸ்டாண்டில் எந்த வண்டி எங்கே நிற்கும் என்று கேட்டால் சரியாகச் சொல்வார். வீட்டார் இதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். "அம்பது வருஷத்துக் கதையெல்லாம் சொல்றாரே, ஞாபக சக்தி நல்லாத்தானே இருக்கு!"

எம்.ஆர்.ஐயில் இந்தத் தேய்வு தெரியும், சரியான கோணத்தில் பார்த்தால். வழக்கமான படங்கள் தலையைக் கிடைமட்டத் துண்டுகளாகக் காட்டுகின்றன. ஹிப்போகாம்பஸை மதிப்பிட, காதிலிருந்து காதுவரை நெட்டுக்குத்தாக வெட்டினாற்போன்ற மெல்லிய துண்டுகள் வேண்டும். ஆம்ஸ்டர்டாமின் ஃபிலிப் ஷெல்டன்ஸ் 1992ல் வகுத்த அளவுகோல் அதைப் பார்த்து 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுகிறது. 75 வயதுக்குக் கீழே 2 வந்தால் சந்தேகம். அதற்கு மேல் என்றால் 3 வரவேண்டும், ஏனென்றால் வயதும் கொஞ்சம் தேய்க்கத்தான் செய்கிறது. ஆரோக்கியமான முதியவரின் ஹிப்போகாம்பஸ் வருடத்துக்கு ஒன்றரை சதவிகிதம் போலச் சுருங்குகிறது என்றால், அல்சைமரில் அது நான்கு ஐந்து சதவிகிதம். ஊரில் அவசரமாக எடுத்த ஃபிலிமில் இந்தக் கோணம் இல்லாவிட்டால், உறையைத் தூக்கிக்கொண்டு வந்ததில் பாதிப் பயன்தான். இன்னொரு முறை எடுக்க வேண்டியிருக்கும்.

அந்த இன்னொரு முறை சுலபமல்ல. குழாய்க்குள் அசையாமல் அரைமணி நேரம், சம்மட்டி அடிப்பது போன்ற சத்தம். நகைகளைக் கழற்றச் சொன்னால் தாலியைக் கழற்ற மறுக்கும் மூதாட்டியைச் சமாதானப்படுத்திச் சம்மதிக்க வைப்பார்கள். ஐந்து நிமிடத்தில் சம்மதித்ததே மறந்து, கழுத்தைத் தடவிப் பார்த்து அழத் தொடங்கிவிடுவார். தலை அசைந்தால் படம் கலங்கிவிடும். கலங்கிய படத்தில் ஹிப்போகாம்பஸை அளப்பது வீண்.

மீன் துண்டை எடுத்த அப்பாவின் கதை வேறு. அவருடைய சேதம் நெற்றிக்குப் பின்னால், அல்லது பொட்டுப் பகுதியின் முன்முனையில். இது பிக் கண்ட வகை. இன்று ஃபிரன்டோடெம்பொரல் டிமென்ஷியா. பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே, வேலையில் இருக்கும்போதே வரும். ஞாபகம் தொடக்கத்தில் தப்பித்துக்கொள்கிறது. போவது அடக்கம், இரக்கம், தன்னிலை உணர்வு. இனிப்பின் மேல் திடீர் ஆசை, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது, மனைவி அழுதாலும் அசையாத முகம். குடும்பம் இதை நோயாகப் பார்ப்பதில்லை, குணக்கேடாகப் பார்க்கிறது. சீட்டுக் கம்பெனியில் பணத்தைக் கொட்டுவதும், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தகாத பேச்சுப் பேசுவதும் சண்டையாகி, சொத்துத் தகராறாகி, சில வீடுகளில் பிரிவினை வரை போகிறது. எம்.ஆர்.ஐயில் முன்மூளையின் மடிப்புகள் கத்தி முனைபோல மெலிந்திருப்பதைக் காட்டும்போதுதான், மனிதர் மாறவில்லை, மூளை மாறிவிட்டது என்பது வீட்டுக்குப் புரிகிறது. இந்த நோய்க்கு மருந்து இல்லை. ஆனால் ஒரு படம் ஒரு குடும்பத்தின் கோபத்தைத் தணிக்கிறது என்றால் அதுவும் வைத்தியம்தான்.

இதிலேயே ஒரு கிளை வார்த்தைகளைத் தின்றுவிடும். சேதம் பெரும்பாலும் இடது பொட்டுப் பகுதியின் முனையில். பசுவைக் காட்டினால் முதலில் 'மாடு', சில மாதங்களில் 'மிருகம்', கடைசியில் 'அது'. "சீப்பு எங்கே?" என்று கேட்டால் "சீப்புன்னா என்ன?" என்று திருப்பிக் கேட்பார். மறதி அல்ல இது, பொருளே கரைந்துபோவது. நேற்று நடந்ததை இவர் சொல்லிவிடுவார், அதைச் சொல்ல வார்த்தை கிடைத்தால்.

இந்த இரண்டு பேரையும் வேறுபடுத்தும் எளிய சோதனை ஒன்றின் வரலாற்றில் திருவனந்தபுரத்துக்குப் பங்கு இருக்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஆடன்புரூக் மருத்துவமனையில் ஜான் ஹாட்ஜஸ் குழு உருவாக்கிய 'ஆடன்புரூக் அறிதிறன் சோதனை' 2000ஆம் ஆண்டு 'நியூராலஜி' இதழில் வெளியானது. கட்டுரையின் முதல் பெயர் டாக்டர் பி.எஸ். மதுரநாத். பின்னர் ஸ்ரீசித்திராவில் மறதி நோய்களுக்கான பிரிவை வளர்த்தவர். அதன் பிறகு பெங்களூர் நிம்ஹான்ஸுக்குச் சென்றார்.

சோதனைக்கு மொத்தம் 100 மதிப்பெண். நாள், இடம் சொல்ல 10. கவனத்துக்கு 8. ஞாபகத்துக்கு 35. ஒரு நிமிடத்தில் முடிந்தவரை வார்த்தைகள் சொல்ல 14. மொழிக்கு 28. படம் வரைய 5. கருவி எதுவும் வேண்டாம். ஒரு தாள், ஒரு பென்சில், பொறுமையுள்ள ஒருவர். ஞாபகத்துக்கான கேள்விகளில் ஒன்று முகவரி. ஒரு பெயரும் தெருவும் ஊரும் சொல்லி, மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்துவிட்டு, வேறு பேச்சுப் பேசி, சில நிமிடம் கழித்துக் கேட்பார்கள். அதற்கு 7 மதிப்பெண்.

கெட்டிக்காரத்தனம் கூட்டலில் இல்லை, வகுத்தலில். சரளத்துக்கும் மொழிக்கும் வாங்கிய மதிப்பெண்களைக் கூட்டி (அதிகபட்சம் 42), நாள், இடம் சொன்னதற்கும் தாமதமாக நினைவுகூர்ந்ததற்கும் வாங்கியதன் கூட்டலால் (அதிகபட்சம் 17) வகுக்க வேண்டும். ஒருவர் மேலே 35, கீழே 9 வாங்கினால் விடை 3.9. பேச்சு இருக்கிறது, ஞாபகம் போய்விட்டது. 3.2க்கு மேல் என்பதால் அல்சைமரின் சாயல். இன்னொருவர் மேலே 20, கீழே 14 வாங்கினால் 1.4. ஞாபகம் இருக்கிறது, வார்த்தை போய்விட்டது. 2.2க்குக் கீழ் என்பதால் முன்மூளை வகையின் சாயல். சாயல் மட்டும்தான். வார்த்தை போகாமல் குணம் மட்டும் மாறுகிறவர்களை இந்த வகுத்தல் தவறவிட்டுவிடும். ஆனாலும் எம்.ஆர்.ஐ. அறைக்குப் போகும் முன்பே எங்கே தேட வேண்டும் என்று சொல்லிவிடுகிறது.

கேம்பிரிட்ஜ் வினாத்தாளை அப்படியே கொண்டுவந்து கேரளத்தில் கேட்க முடியாது. மதுரநாத் குழு மலையாள வடிவத்தை 2004ல் வெளியிட்டது. மொழிபெயர்ப்பு மட்டும் என்று நினைத்தால் தவறு. ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்றாக இருக்கும் வார்த்தைகளை வாசிக்கச் சொல்வார்கள்; பொருள் கரைந்தவர் எழுத்துக் கூட்டியே வாசித்து மாட்டிக்கொள்வார். எழுதியபடியே வாசிக்கும் மலையாளத்திலும் தமிழிலும் அந்தப் பொறிக்கு வேலையில்லை. குளிர்காலமா, இலையுதிர் காலமா என்ற கேள்விக்குத் தம்பானூரில் என்ன பதில்? மாதம் என்ன என்றால் ஒரு பாட்டி சிங்ஙம் என்பார், இன்னொரு பாட்டி ஆவணி என்பார். இருவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். பள்ளிக்கூடம் போகாதவர் தேதி தெரியாமல் இருப்பது நோயல்ல. படிப்பு குறைந்தவர்களுக்கு வரம்பு மதிப்பெண்ணைத் தனியாக வகுக்காவிட்டால் நல்லவர்களையும் நோயாளி ஆக்கிவிடுவோம் என்பதை அதே குழு 2007ல் எண்களோடு காட்டியது.

தமிழ் பேசும் நோயாளிக்கு இன்னொரு சங்கடம். "இன்னு ஏது திவசமாணு?" என்று மலையாளத்தில் கேட்டால், இன்று என்ன நாள் என்று பொருள். தமிழ்க் காதில் அது யாருடைய திவசம் என்று விழும். மார்த்தாண்டத்துக்காரருக்கு இரண்டு மொழியும் பழக்கம், சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். தூத்துக்குடியிலிருந்து வந்தவர் விழிப்பார். விழித்தது மொழியாலா, நோயாலா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல நிலையங்களைச் சேர்த்து உருவாக்கி, 2020ல் விவரம் வெளியிட்ட சோதனைத் தொகுப்பு, முதலில் இந்தி, வங்காளி, தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளுக்கானது. அந்த முதல் பட்டியலில் தமிழ் இல்லை. தமிழில் வேலையே நடக்கவில்லை என்பதல்ல. கிராமத்து முதியோரிடம் பயன்படுத்த வேலூர் மருத்துவர்கள் உருவாக்கிய எளிய சோதனைகள் 2009ல் வெளியாயின.

இரு மொழி தெரிந்தவர்களுக்கு ஓர் ஆறுதலும் உண்டு. ஹைதராபாத் நிம்ஸில் சுவர்ணா அல்லாடி குழு டிமென்ஷியா நோயாளிகள் 648 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2013ல் சொன்னது: ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்களைவிட இரண்டாவது மொழி பேசுகிறவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாகத் தலைகாட்டியிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இது தெரிந்தது. காரணம் மொழிதானா, வேறு வாழ்க்கை வித்தியாசங்களா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

கொச்சிக் கணக்கில் 39 சதவிகிதம் வாங்கிய ரத்தக்குழாய் வகைக்கு வருவோர் பெரும்பாலும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள். சரிவு வழுக்குப் பாறைபோல இருக்காது, படிக்கட்டுபோல இருக்கும். ஒரு நாள் திடீரென்று ஒரு படி கீழே, பிறகு சில மாதம் அப்படியே. ஞாபகத்தைவிட வேகம் குறைகிறது. யோசிக்க நேரம் எடுக்கிறது, ஆனால் சிறு குறிப்புக் கொடுத்தால் நினைவு வந்துவிடுகிறது. அல்சைமர்காரருக்குக் குறிப்பும் உதவாது. எம்.ஆர்.ஐயில் மூளையின் உள்பகுதியில் வெள்ளைத் திட்டுகள். சில சமயம் தலாமஸில் பட்டாணி அளவு அடைப்பு ஒன்றே போதும், ஒரே இரவில் ஞாபகம் கலைந்துவிடும். இங்கே படம்தான் முக்கியச் சாட்சி. மருந்துச் சீட்டும் பழகியதுதான்: அழுத்தத்தை, சர்க்கரையைக் கட்டுப்படுத்து, பீடியை நிறுத்து, அடுத்த அடைப்பைத் தடு.

படம் கைவிடும் இடமும் உண்டு. லூயி பாடி டிமென்ஷியாவில் ஹிப்போகாம்பஸ் ஓரளவு நிறைவாகவே இருக்கும், எம்.ஆர்.ஐ. சாதுவாகத் தெரியும். நோயாளியோ காலையில் தெளிவு, மாலையில் குழப்பம். நடை பார்க்கின்சன் போலத் தளர்கிறது. தூக்கத்தில் கனவை நடித்துக் கையைக் காலை வீசுகிறார். கூடத்தில் யாரோ குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிறார். பயமில்லாமல், விவரமாக, சட்டை நிறத்தோடு. கிராமத்தில் இதற்குப் பெயர் காத்து கருப்பு. மந்திரித்துக் கயிறு கட்டுவதில் பெரிய ஆபத்தில்லை. ஆபத்து, உளறுகிறார் என்று ஹாலோபெரிடால் போன்ற மருந்து கொடுப்பதில். உடல் விறைத்து, விழுங்க முடியாமல், எழுந்திருக்கவே முடியாமல் போகக்கூடும். உயிரே போனதும் உண்டு. கூடத்தில் குழந்தைகளைப் பார்த்த விஷயத்தை வீட்டார் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டால், எந்த ஃபிலிமும் டாக்டரை எச்சரிக்காது.

சரி செய்யக்கூடியவற்றைத் தேடுவதுதான் எந்த வயதிலும் ஸ்கேன் எடுக்க முதல் நியாயம். குளியலறையில் லேசாக வழுக்கி விழுந்து, வாரங்கள் கழித்துக் குழப்பம் தொடங்கினால் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் தேங்கியிருக்கலாம். சாதாரண சி.டி. போதும், துளையிட்டு வெளியேற்றினால் மனிதர் திரும்பிவிடுகிறார். மூளையின் நீரறைகள் விரிந்து, கால் தரையில் ஒட்டினாற்போல நடந்து, சிறுநீர் தெரியாமல் போய், புத்தியும் மந்தமானால் அது ஹக்கீமும் ஆடம்ஸும் 1965ல் விவரித்த நீர்த்தேக்கம். முதுகில் ஊசி போட்டு 30 முதல் 50 மில்லி நீரை எடுத்துவிட்டு நடக்கச் சொல்வார்கள். நடை தேறினால் குழாய் வைப்பது பற்றி யோசிக்கலாம். பி12 குறைவும் தைராய்டு குறைவும் படத்தில் தெரியாது, ரத்தப் பரிசோதனையில் தெரியும்.

வடிவத்தைத் தாண்டி வேலையைக் காட்டுவது பெட் ஸ்கேன். கதிரியக்க ஃபுளோரின் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் செலுத்தினால், சுறுசுறுப்பான மூளைப்பகுதி அதிகம் உறிஞ்சி ஒளிரும். நலிந்த பகுதி மங்கும். அல்சைமரில் காதுக்குப் பின்மேல் பகுதி மங்குகிறது, முன்மூளை வகையில் நெற்றிப்பக்கம், லூயி வகையில் பின்மண்டை. எம்.ஆர்.ஐயில் சாதுவாக இருந்தவர் இங்கே அகப்படுகிறார். அந்த ஃபுளோரினுக்கு 110 நிமிடத்தில் பாதி வீரியம் போய்விடும் என்பதால் தயாரிக்கும் இடத்திலிருந்து வெகுதூரம் கொண்டுபோக முடியாது. பெட் ஸ்கேன் பெரிய ஊர்களின் வசதியாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

அல்சைமரின் அடையாளமான அமிலாய்டு படிவை உயிரோடிருப்பவரிடமே படம் பிடிக்கலாம் என்று 2004ல் பிட்ஸ்பர்க், உப்சாலா ஆராய்ச்சியாளர்கள் காட்டியபோது எல்லாச் சந்தேகமும் தீர்ந்துவிட்டதாகத் தோன்றியது. தீரவில்லை. எழுபது வயதில் எந்தக் குறையும் இல்லாத ஐந்து பேரில் ஒருவருக்கு மேல் அதே படிவு இருக்கிறது. படம் பார்த்துவிட்டு, நன்றாக இருப்பவருக்கு அல்சைமர் என்று சொல்லிவிடக் கூடாது. 2025 மே மாதம் அமெரிக்கா அனுமதித்த ரத்தப் பரிசோதனைக்கும் இதே நிபந்தனை: 55 வயதைக் கடந்து, அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டும். 2023ல் அங்கே முழு ஒப்புதல் பெற்ற லெக்கனெமாப் ஊசி இந்தப் படிவை அகற்றுகிறது. 18 மாதச் சோதனையில் சரிவின் வேகம் 27 சதவிகிதம் குறைந்தது. நின்றுவிடவில்லை. நோயின் தொடக்கத்தில்தான் அதைப் போடலாம், மூளை வீங்குகிறதா, கசிகிறதா என்று எம்.ஆர்.ஐயைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டே. மூன்று வருஷம் "வயசானா இப்படித்தான்" என்று கேட்டுவிட்டு வருகிறவருக்கு அது எட்டாது.

இத்தனைக்குப் பிறகும் உறுதியான பதில் பிக்கும் அல்சைமரும் தேடிய இடத்திலேயே இருக்கிறது. முதியவர்களின் மூளையை இறந்த பின் ஆராயும்போது ஒரே தலைக்குள் அமிலாய்டும் அடைபட்ட ரத்தக்குழாயும் லூயி துகள்களும் சேர்ந்தே இருப்பது சகஜம். பெங்களூர் நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளை வங்கி ஒன்று இயங்குகிறது. குடும்பத்தார் எழுதிக் கொடுத்தால், இறந்தவரின் மூளையைப் பெற்று ஆராய்ச்சிக்காகப் பாதுகாக்கிறார்கள்.